மனதுருக்கமும் மனுக் காகிதமும்



மே மாதம் பிறந்துவிட்டால் நம்முடைய வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நடக்கும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டது. அடுத்து என்ன படிக்க வைப்பது? பொறியியலா, நர்சிங்கா, பி.காம். முடித்து வங்கித் தேர்வா, அல்லது கம்ப்யூட்டரா? திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ரயிலேறி வந்து, மும்பையிலும் டெல்லியிலும் புனேயிலும் வேரூன்றிய குடும்பங்கள் நாம். பத்துக்குப் பத்து அறையிலிருந்து சொந்த வீட்டிற்குப் போக நமக்குத் தெரிந்த ஒரே படிக்கட்டு படிப்பு. ஆகவே சம்பளம் நிச்சயமாகத் தெரிகிற படிப்பையே நாம் தேடுவதில் வியப்பில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் ஏறாமலே போகும் இரண்டு படிப்புகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒன்று சமூகப் பணி. மற்றது பொது நிர்வாகவியல். இரண்டையும் படித்தவள் நான்; இரண்டையும் கொண்டே பிழைக்கிறவள்.

2006-ஆம் ஆண்டில், சமூகப் பணியில் முதுகலை படிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வர்ணம் பூசும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த என் தகப்பனார், “அது என்ன வேலைக்கான படிப்பு?” என்று மட்டும் கேட்டார். சபையின் மூப்பர் ஒருவர் கேட்டதுதான் என் மனதில் தங்கிவிட்டது. “மகளே, சேவை செய்ய மனதுருக்கம் போதாதா? அதற்குப் பட்டம் எதற்கு?” என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. நடுராத்திரியில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடித்து சயான் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் கேட்ட கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

முதலில் இந்தப் படிப்புகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்பதைத் தனி இயலாகவே படிக்கவேண்டும் என்று 1887-இல் ஒரு கட்டுரை எழுதியவர் வுட்ரோ வில்சன். அப்போது அவர் கல்லூரி ஆசிரியர்; பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானார். நம் நாட்டில் இந்த இயலுக்கு முதலில் இடம்கொடுத்தவற்றுள் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று. 1937-இல் அங்கே பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பு தொடங்கிற்று. சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் எழும்பியது. சமூகப் பணிப் படிப்போ நம் மும்பையில் பிறந்தது. நாக்பாடாவில் ஏழைத் தொழிலாளர் நடுவே ஓர் அக்கம்பக்க இல்லத்தை நடத்திவந்த கிளிஃபர்டு மேன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனெரியை முதல் இயக்குநராகக் கொண்டு, 1936-இல் டாட்டா அறக்கட்டளை ஒரு பள்ளியைத் தொடங்கியது. அதுவே இன்று தேவனாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையிலும் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிக் கல்லூரியை நிறுவினார். இவ்வளவு பழைய படிப்பு நமக்கு மட்டும் ஏன் புதிதாகத் தெரிகிறது என்று நான் யோசித்ததுண்டு. இவற்றைப் படித்தவர்கள் நம் தெருக்களுக்கு வந்தார்கள். நம் தெருக்களிலிருந்து போய்ப் படித்தவர்கள் சிலரே. அவ்வளவுதான் காரணம்.

என் கல்லூரி நகரின் மறுபுறத்தில் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களப்பணி. சமூகப் பணியின் இருதயம் இந்தக் களப்பணிதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். மாணவரை ஒரு மருத்துவமனைக்கோ, நீதிமன்றத்துக்கோ, குடிசைப் பகுதியில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். அங்கே யாரோடு பேசினாலும், அவர் என்ன சொன்னார், நாம் என்ன சொன்னோம், அப்போது நம் உள்ளத்தில் என்ன எழுந்தது என்பதையெல்லாம் அன்றிரவே எழுதி, வார இறுதியில் மேற்பார்வை ஆசிரியரிடம் கொடுக்கவேண்டும். அவர் சிவப்புப் பேனாவோடு உட்காருவார். “அந்த அம்மாள் அழுதார் என்று எழுதியிருக்கிறாய். அழுவதற்குச் சற்று முன் நீ என்ன கேட்டாய்?” என்பார். இப்படி இரண்டு வருடம். வேறெந்தப் படிப்பிலும் ஒருவர் தன் பேச்சைத் தானே இத்தனை முறை திரும்பக் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பில் படித்த ஒரு நூலை இங்கே குறிப்பிடவேண்டும். ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற இயேசு சபைக் குருவானவர் 1957-இல் எழுதியது. உதவி கேட்டு வருகிறவருக்கும் உதவுகிறவருக்கும் இடையே உள்ள உறவுக்கு ஏழு நெறிகளை அவர் வகுத்தார். அவற்றுள் இரண்டு எனக்கு மிகக் கடினமாயிருந்தன. வந்தவரைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லாமை ஒன்று. தன் காரியத்தில் தானே முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது மற்றொன்று. நாம் வளர்ந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். குடித்துவிட்டு வருகிற கணவனைப் பற்றி ஒரு பெண் நம்மிடம் சொல்லத் தொடங்கினால், அவள் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் நாம் ஆலோசனை சொல்லிவிடுகிறோம் அல்லவா?

என் களப்பணி கோவண்டி, டிராம்பே பகுதியில் அமைந்தது. அங்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரியைச் சந்தித்தேன். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று பிள்ளைகள். வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பு. மகாராஷ்டிர அரசு 1980-இல் தொடங்கிய சஞ்சய் காந்தி ஆதரவற்றோர் திட்டத்தில் இப்படிப்பட்ட விதவைகளுக்கு மாதாந்தர உதவித்தொகை உண்டு. நான் உற்சாகமாக ஒரு திட்டம் தீட்டினேன்: முதலில் உதவித்தொகை மனு, பிறகு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பிறகு தையல் பயிற்சி. அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கணவரின் இறப்புச் சான்றிதழை எடுத்து என் கையில் கொடுத்து, “பாப்பா, பணம் கெடக்கட்டும். இதுல எங்க வீட்டுக்காரர் பேரு இல்ல. மொதல்ல அதச் சரிபண்ணிக் குடு” என்றார்கள்.

விஷயம் இதுதான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஊர்த் தெய்வத்தின் பெயர். ரேஷன் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் அதுவே இருந்தது. மும்பைக்கு வந்தபின் ஞானஸ்நானம் பெற்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். சபையிலும் தெருவிலும் அந்தப் பெயராலேயே அவரை அறிந்திருந்தார்கள். விபத்து நடந்த இரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் தெரிந்த பெயரைச் சொன்னார்கள். அது பதிவேட்டில் ஏறிற்று. அதோடு முடியவில்லை. நமக்கு முன்னால் ஓர் எழுத்து, பின்னால் ஒரு பெயர். மராத்தி நாட்டில் சொந்தப் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கலாகாது என்று எழுத்தர் ஒருவர் எப்போதோ அவருடைய ஊரின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவைத்திருந்தார். இவ்விதமாய் ஒரே மனிதர் மூன்று காகிதங்களில் மூன்று ஆட்களாக இருந்தார். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை உண்டு என்று நான் கேட்கவேண்டியதில்லை.

சட்டப்படி பார்த்தால், ரேஷன் அட்டைக்காரர் இறந்ததற்குச் சான்றே இல்லை; எனவே அவர் மனைவி விதவையுமல்ல. என் திட்டத்தின் முதற்படியே பெயரில்தான் நின்றது. ஆனால் அந்த அம்மாள் அதை உதவித்தொகைக்காகக் கேட்கவில்லை. தன் கணவர் எந்தப் பெயரில் மரித்தாரோ அந்தப் பெயரும், எந்தப் பெயரில் தன்னை மணந்தாரோ அந்தப் பெயரும் ஒரே காகிதத்தில் இருக்கவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். என் மேற்பார்வை ஆசிரியர் என் குறிப்பைப் படித்துவிட்டு, என் மூன்று அம்சத் திட்டத்தைச் சிவப்புக் கோட்டால் அடித்துவிட்டு, அந்த அம்மாளின் வாக்கியத்தை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்தார்.

பெயரை மாற்ற வழி இருக்கிறதா? 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. பதிவேட்டில் பிழையிருந்தால் பதிவாளர் அதைத் திருத்தலாம். ஆனால் முதலில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையொப்பமும் தேதியும் இடவேண்டும். உண்மையை அறிந்த நம்பத்தகுந்த இரண்டு பேரின் உறுதிமொழி வேண்டும். அந்தச் சபையின் போதகர் ஒருவர். அவர்கள் அறைக்கு அடுத்த அறையில் பதினைந்து வருடம் குடியிருந்த ஓர் இஸ்லாமியப் பெரியவர் மற்றொருவர். ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலைப் போதகர் கொடுத்தார். அதில் பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வரியில் இருந்தன. (உங்கள் சபையின் பதிவேடுகளை ஒழுங்காக எழுதிவையுங்கள் ஐயா, அது என்றைக்கு யாருக்கு உதவும் என்று சொல்ல இயலாது.) ஐந்து முறை அலைந்தபின், இன்னார் என்கிற இன்னார் என்று ஓரத்தில் எழுதிய சான்றிதழ் கிடைத்தது. அந்த அம்மாள் அதைப் பத்து ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை ஊரிலிருக்கும் மாமியாருக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் உதவித்தொகையைப் பற்றிப் பேசினோம். இந்தத் திட்டத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. மனுதாரர் குறைந்தது பதினைந்து ஆண்டுகள் மகாராஷ்டிரத்தில் வசித்திருக்கவேண்டும். பிழைக்க வந்த நம்மைப் போன்றோர் நன்கு அறியவேண்டிய நிபந்தனை இது. அவர்கள் 1990-இல் வந்தவர்கள். பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் அதற்குச் சாட்சி? வாடகை வீடு, ரசீது இல்லை. மின்கட்டணம் வீட்டுக்காரர் பெயரில். ரேஷன் அட்டையோ பிந்திய வருடத்தது. கடைசியில் சாட்சி சொன்னது ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் பதிவேடு. மூத்த மகன் முதல் வகுப்பில் சேர்ந்தது 1991 ஜூன் மாதம் என்று அதில் இருந்தது. மும்பையில் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவருவது மொழிக்காக என்று மட்டும் நாம் நினைக்கிறோம். ஓர் ஏழைக் குடும்பம் எந்த வருடத்தில் இந்த நகரத்தில் இருந்தது என்பதற்கு அதுவே அரசாங்க சாட்சியாகவும் நிற்கிறது.

மனு கொடுத்தாயிற்று. ஏழு மாதம் ஒரு பதிலும் இல்லை. அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். போகும்போதெல்லாம் “அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம்” என்ற மராத்தி வாக்கியம் ஒன்றே கிடைத்தது. நாங்கள் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு பக்க மனு எழுதினோம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். “ஏன் தரவில்லை?” என்று கேட்டு எழுதவேண்டாம் என்று என் ஆசிரியர் கற்றுக்கொடுத்திருந்தார். “என் மனு இன்றைய தேதியில் யாருடைய மேசையில் உள்ளது, எந்தத் தேதியிலிருந்து உள்ளது, அது அடுத்த மேசைக்குப் போக என்ன குறைவுபடுகிறது” என்று கேட்டோம். இருபத்தாறாம் நாளில் பதில் வந்தது: வருமானச் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டதாம். மனு கொடுத்த நாளில் அது செல்லுபடியாகத்தான் இருந்தது. அவர்கள் மேசையில் கிடந்தபோதுதான் காலாவதியானது! புதிய சான்றிதழ் கொடுத்த மூன்றாம் மாதம் பணம் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு இரண்டாவது படிப்பின்மேல் ஆசை பிறந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அலைகிறவர்களோடு அலைய முதல் படிப்பு கற்றுக்கொடுத்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? அந்த எழுத்தர் கெட்டவரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாள் அவருடைய மேசையைப் பார்த்தேன்; கட்டுக்கட்டாகக் கோப்புகள், இரண்டு காலியான நாற்காலிகள், வரிசையில் எண்பது பேர்.

எனவே வேலையில் சேர்ந்தபின், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகவியல் முதுகலைக்குப் பதிவுசெய்தேன். தமிழ் எழுத்தில் அதன் சுருக்கமும் வணிக நிர்வாகத்தின் சுருக்கமும் ஒன்றே: எம்.பி.ஏ. “என் மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள்” என்று அம்மா ஊருக்குக் கடிதம் எழுத, சொந்தக்காரர்கள் எல்லாரும் மகிழ்ந்து போனார்கள். நாங்கள் ஒருவரும் திருத்தவில்லை. ஆலோசனை வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் நடந்தன. ஞாயிறு என்றதும் சபையில் புருவங்கள் உயர்ந்தன. அந்த வகுப்புகள் கட்டாயமில்லை என்பதால் ஆராதனை முடிந்து பிற்பகலில் மட்டும் போய்வந்தேன். மீதியெல்லாம் தபாலில் வந்த புத்தகங்களும், ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டு படித்ததும்தான். ஒப்படைப்புகளுக்கு முப்பது சதவீத மதிப்பு, தேர்வுக்கு எழுபது. குறைந்தது இரண்டு வருடத்தில் முடிக்கலாம். எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

அதில் வறண்ட பாடங்கள் நிறைய. நிர்வாகியின் வேலைகளைத் திட்டமிடல், அமைப்பாக்கல், ஆட்களை அமர்த்தல் என்று ஏழாக அடுக்கி, ஏழின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘போஸ்ட்கார்ப்’ என்று ஒரு சொல்லை 1937-இல் லூதர் குலிக் உண்டாக்கினார். அதை ஒப்பித்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், அதற்குமேல் எனக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 1980-இல் மைக்கேல் லிப்ஸ்கி எழுதிய நூலைப் பற்றிய பாடத்தைப் படித்தபோது நான் இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஆசிரியர், போலீஸ்காரர், நல அலுவலகத்து எழுத்தர் ஆகிய கடைசிப் படியில் உள்ள ஊழியர்களைப் பற்றியது அது. சட்டம் தலைநகரத்தில் எழுதப்படுகிறது. ஆனால் மக்கள் சந்திக்கிற அரசாங்கம் இந்த ஊழியர்தான். தேவையோ பெரிது, நேரமும் ஆளும் குறைவு. ஆகவே யாரை இன்று பார்ப்பது, யாரை நாளை வரச்சொல்வது என்று அவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானங்களின் கூட்டமே நடைமுறையில் அரசின் கொள்கையாகிவிடுகிறது என்கிறார் லிப்ஸ்கி. அந்த மேசையும் கோப்புகளும் காலி நாற்காலிகளும் என் கண்முன் வந்தன. அன்றுமுதல் நான் எந்த மனுவையும், அதைப் படிக்கப்போகிற எழுத்தருக்கு எப்படி எளிதாகும் என்று யோசித்தே எழுதுகிறேன். முதல் பக்கத்திலேயே இணைப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எண், தேதிகள் தடித்த எழுத்தில். சிறிய காரியம்தான், ஆனால் கோப்பு நகர்கிறது.

இன்னொரு பாடமும் நினைவிலிருக்கிறது. அரசு ஊழியர்கள் எந்த மக்களுக்கு வேலை செய்கிறார்களோ அந்த மக்களைப் போலவே அமைந்திருக்கவேண்டுமா என்ற கேள்வியை 1944-இல் டொனால்ட் கிங்ஸ்லி ஒரு நூலில் எழுப்பினார். அதைப் படித்தபோது எனக்கு அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரமே நினைவுக்கு வந்தது. எருசலேம் சபையில் அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசின விதவைகள் கவனிக்கப்படாமல் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் மனதுருக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு நிறுத்தவில்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருக்கின்றன. பெரிய நகரம், வேற்று மொழி, விதவைகள், பட்டியலில் விடுபட்ட பெயர்கள். அந்த மூப்பரிடம் ஒரு மாலையில் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்து, “அப்போ அந்த ஏழு பேரும் கணக்கு எழுதத் தெரிஞ்சவங்களா இருந்திருக்கணும்” என்றார்.

ஆனால் நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நான் வளர்ந்தது டிராம்பேயின் சீட்டா கேம்ப். அங்கே தமிழர் ஏராளம். 1976 மே மாதம் வரை எங்கள் பெரியவர்கள் மான்குர்டு அருகே ஜனதா காலனியில் இருந்தார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்திற்கு நிலம் வேண்டும் என்பதால், அவசர நிலைக் காலத்தில் அந்தக் காலனி தரைமட்டமாக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். அதே வருடம் ஜனவரியில்தான் மகாராஷ்டிர அரசு மும்பைக் குடிசைகளைக் கணக்கெடுத்து, ‘ஃபோட்டோபாஸ்’ வழங்கத் தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து மும்பையில் ஓர் ஏழையின் வாழ்வு தேதியில் தொங்குகிறது. 1976, 1980, 1985, 1995, 2000 என்று கெடு தேதிகள் நகர்ந்தபடியே வந்தன. தேதிக்கு முந்தின காகிதம் இருந்தால் மாற்று வீடு. ஒரு மாதம் பிந்திய காகிதமென்றால் நடைபாதை. பொது நிர்வாகம் என்றால் என்ன என்று எங்கள் பேட்டைக் குழந்தைகள் பாடப்புத்தகத்துக்கு வெகு முன்னதாகவே அறிவார்கள்.

அந்த ஜனதா காலனியைக் காக்கப் போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். எந்தக் கல்லூரியிலும் சமூகப் பணி படித்தவரல்ல. காலனியில் குப்பை அள்ளப்படாமல் கிடந்தபோது, சிறுபிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமந்துபோய் நகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை உருவாக்கினார், 2000-இல் மக்சேசே விருதும், 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018-இல் காலமானார். அவரைப் பார்த்தால், பட்டம் எதற்கு என்ற மூப்பரின் கேள்வி இன்னும் கூர்மையாகிறது அல்லவா?

ஆனால் அவர் தனியே நடக்கவில்லை. 1984-இல் மும்பையில் ‘ஸ்பார்க்’ என்ற அமைப்பு தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷீலா பட்டேல் டாட்டா நிறுவனத்தில் சமூகப் பணி படித்தவர். மேன்ஷார்ட் தொடங்கிய அதே நாக்பாடா இல்லத்தில் வேலை செய்தவர். நடைபாதைவாசிகளை மாநகராட்சி அகற்றலாம் என்று 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே வருடத்தில், இந்த அமைப்பு நடைபாதைக் குடும்பங்களை எண்ணி, எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களுக்கு ஒரு பட்டியல் உண்டாயிற்று. விரைவிலேயே அற்புதத்தின் கூட்டமைப்பும் அவர்களோடு கைகோத்தது. தெருவை அறிந்தவரும் கணக்கெடுக்கும் கல்வி பெற்றவரும் சேர்ந்தபோது அதிகாரிகள் நாற்காலி போட்டுப் பேசத் தொடங்கினார்கள். பட்டம் பெற்றவர் அற்புதத்தைப் போன்றவரிடம் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்தப் பட்டத்தால் பயனில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், மூன்று நாள் ஆய்வு, மூன்று வருட அறிக்கை.

பெற்றோர் என்னிடம் கேட்பது சம்பளத்தைப் பற்றி. மறைக்காமல் சொல்கிறேன்: தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு, மென்பொருள் துறையோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் வழிகள் பல உண்டு. மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்ற பதவி இருக்கிறது; இந்தியாவில் முதன்முதலாக 1946-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலேயே அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டார். குழந்தைகள் நலத்துறை, சிறார் நீதி, மாநகராட்சியின் சமூக வளர்ச்சிப் பிரிவு ஆகியவற்றில் இடமுண்டு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடக் கட்டளையிட்டபின், பெரிய கம்பெனிகளிலும் இந்தப் படிப்பைத் தேடுகிறார்கள். பொது நிர்வாகவியல், குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக உள்ளது, ஆனால் ஐ.ஏ.எஸ். ஒன்றையே குறிவைத்து இதைப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு முறை தோற்றவுடன் பாடத்தையே வெறுத்துவிடுகிறார்கள். பஞ்சாயத்து, வார்டு அலுவலகம், ரேஷன் கடை ஆகியவற்றின் இயக்கத்தில் உண்மையான ஆவல் உள்ள பிள்ளைக்கே இது ஏற்றது. நன்றி சொல்லக் கேட்க விரும்புகிற பிள்ளைக்குச் சமூகப் பணி ஒத்துவராது. உதவி கிடைத்தவர்களில் பலர் மறுபடி நம் முகத்தையே பார்க்க விரும்பமாட்டார்கள். தங்கள் மோசமான நாட்களை நம் முகம் நினைப்பூட்டும்.

சட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அன்று வெளிமாநிலத்து ரேஷன் அட்டையோடு வந்தவர் இங்கே ஒரு கிலோ அரிசியும் வாங்க முடியாது. 2019-இல் சில மாநிலங்களில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாடு 2022 ஜூனில் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டு அட்டையைக் கொண்டு, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள் மும்பைக் கடையிலும் தானியம் வாங்கலாம். அந்தச் சகோதரி பெற்ற உதவித்தொகையும் 2023-இல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அதைப் பெற ஆண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டலாகாது என்ற வரம்பு நீண்ட காலம் அசையாமல் நின்றது. மாதத்துக்கு 1,750 ரூபாய்! மும்பையில் பாத்திரம் துலக்குகிறவர் இரண்டு வீட்டில் வேலை செய்தாலே அதைத் தாண்டிவிடுவார். இப்படிப்பட்ட வரம்புகளை யார், எந்த அறையில், எந்தக் கணக்கைப் பார்த்து எழுதுகிறார்கள்? அந்த அறைக்குள் நம் பிள்ளைகள் போகவேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் சபையிலிருந்து ஒரு தம்பி இந்த ஆண்டு சமூகப் பணியில் சேர்ந்திருக்கிறான். அவன் அப்பா செருப்புத் தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். களப்பணிக்கு ஒரு காசநோய் மருத்துவமனை கிடைத்திருக்கிறது. போன வாரம் தன் முதல் களக்குறிப்பை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நோயாளி மராத்தியில் பேச, இவன் தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். நான்கு பக்கம். நோயாளி பேசியது அதில் ஆறு வரி. மீதியெல்லாம் இவன் சொன்ன ஆலோசனை. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். “அக்கா, இன்னொரு தடவை எழுதிட்டு வர்றேன்” என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனான். செவ்வாய்க்கிழமை மறுபடி அந்த வார்டுக்குப் போகிறான்.